ஊருக்கு வந்தவர்களும் ஊர் பார்க்க வந்தவர்களும்

எங்கள் வீட்டுப் பேச்சில் 'சுற்றுலா' என்ற சொல் மிகவும் பிந்தித்தான் வந்தது. பாட்டி காலத்தில் புழங்கியவை இரண்டே சொற்றொடர்கள். 'ஊருக்குப் போறது', 'ஊர்லேர்ந்து வந்திருக்காங்க'. ஊர் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். நடுவில் வங்காள விரிகுடா கிடந்தது, ஏழெட்டு நாள் கப்பல் பயணம் இருந்தது. இருந்தும் அதை யாரும் பெரிய பயணமாகப் பேசியதில்லை. தொடக்கப்பள்ளி மலாய்ப் பாடநூலில் 'பெலான்சோங்' என்ற சொல்லைப் படித்தபோதுதான் சுற்றுலாப் பயணி என்று ஒரு மனித இனம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. படத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். பக்கத்தில் மலாய், சீன, இந்தியப் பெண்கள் மூவர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாமெல்லாம் அந்தப் படத்தில் சிரிக்கிற பக்கம்தான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

இது மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026. இதற்கு முன் 1990, 1994, 2007, 2014 ஆகிய ஆண்டுகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 2020க்கும் அறிவிப்பு வந்தது, கோவிட் அதை விழுங்கிவிட்டது. 2026க்கு முதலில் வைக்கப்பட்ட இலக்கு 35.6 மில்லியன் பயணிகள். நாட்டு மக்கள் தொகையை விடக் கூடுதலான கூட்டம். எண்ணிக்கை ஏறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். உணவகம் வைத்திருப்பவரும் வாடகைக் காடி ஓட்டுபவரும் பிழைக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் தமிழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் மூன்று இடங்களை வைத்து அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் பாதையிலிருந்து தொடங்க வேண்டும். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் குடாவுக்கு ரயில் ஓடியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை அது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு வெளிநாட்டுக் கப்பல்கள் நேராக அங்கே வந்து நின்றன. 1972இல்தான் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில்பாதைக்கும் ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் இந்தத் துறைமுகத்திலும் இறங்கினார்கள். இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாம், பிறகு ரயில், பிறகு தோட்டத்து லயம்.

அதே காலத்தில் வேறொரு பயணியும் அதே தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்தார். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் இயங்கிய மலாய் நாடுகளின் தகவல் நிலையம், கூட்டு மலாய் மாநிலங்களுக்குப் படங்களோடு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. எழுதியவர் கத்பர்ட் உட்வில் ஹாரிசன் என்ற காலனிய அதிகாரி. கோலாலம்பூரில் ஹப்பக் வடிவமைத்த புதிய ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் 1910இல்தான். அந்த நிலையத்துக்குள்ளேயே பயணிகள் தங்க அறைகள் இருந்தன. ஆக இந்த நாட்டில் சுற்றுலாத் தொழிலின் தொடக்கம் ரயிலோடு கட்டுண்டது. அந்த ரயிலுக்குக் கல் உடைத்தவர், தண்டவாளம் போட்டவர், டிக்கெட் கிழித்தவர், கணக்கு எழுதியவர் எல்லாரிலும் தமிழர்கள் நிறையப் பேர். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் உடலுழைப்பிலும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் குமாஸ்தா வேலையிலும் இருந்தார்கள். ஒரே பெட்டித் தொடரில் ஒருவர் ஊர் பார்க்க வந்தவர், இன்னொருவர் ஊரை உண்டாக்க வந்தவர்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. பிறகு போர் வந்தது. போருக்குப் பின் கப்பலில் போனவர்களின் தன்மை மாறியது. வேலைக்கு வருகிற கூட்டம் குறைந்து, ஊருக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் கூடியது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் பிறகு 'சிதம்பரம்' வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன கதைகளை எங்கள் தலைமுறையில் கேட்காதவர்கள் குறைவு. டிரங்குப் பெட்டியில் கோடாலித் தைலமும் பீங்கான் கோப்பையும் போகும். திரும்பும்போது அம்மிக்கல்லும் ஊறுகாய் ஜாடியும் வரும். "பொண்ணு பார்க்கப் போனேன், கல்யாணத்தோட வந்தேன்" என்று என் பெரியப்பா சொல்வார். அவர் போனது உறவைப் பார்க்க, கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த, பெண் எடுக்க. இன்றைய சுற்றுலாத் துறையின் மொழியில் இதெல்லாம் தனித்தனி வகைப் பயணம், தனித்தனிச் சந்தை. அன்றைக்கு அதற்குப் பெயரே கிடையாது.

1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கடல்வழி மூடப்பட்டது. பிறகு விமானம்தான். கூலிக்காரக் குடும்பத்துக்கு விமானக் கட்டணம் எளிதாக இல்லை. ஊரோடு இருந்த தொடர்பு பல வீடுகளில் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் அறுந்தது. கடிதம் நின்றது, முகவரி தொலைந்தது. 2008இல் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியபோது கட்டணம் இறங்கியது. ஆனால் அதற்குள் 'ஊர்' என்று சொல்ல ஆளில்லாத தலைமுறை ஒன்று இங்கே வளர்ந்துவிட்டிருந்தது. அந்த விமானங்களில் இங்கிருந்து போனவர்களில் பலர் கோயில் பார்க்கவும் புடவை எடுக்கவும் போனார்கள். அங்கிருந்து வந்தவர்கள் இரட்டைக் கோபுரமும் கெந்திங்கும் பத்துமலையும் பார்க்க வந்தார்கள். உறவுக்காரர்கள் இரு பக்கமும் சுற்றுலாப் பயணிகள் ஆனது இப்படித்தான்.

அரசாங்கம் சுற்றுலாவைத் தொழிலாக எண்ணத் தொடங்கியது 1970களில். 1972இல் பசிபிக் வட்டாரப் பயணச் சங்கத்தின் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதே ஆண்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அப்போது நாடு ரப்பரையும் ஈயத்தையும் நம்பி இருந்தது. 1980களின் நடுவில் மூலப்பொருள் விலை சரிந்து பொருளாதாரம் தடுமாறியபோது, அந்நியச் செலாவணிக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1987இல் பண்பாடும் கலையும் சுற்றுலாவும் ஒரே அமைச்சின் கீழ் வந்தன. இந்தச் சேர்க்கையைக் கவனிக்க வேண்டும். அதுவரை பண்பாடு என்பது மக்கள் செய்வது. அதன் பிறகு அது விற்பனைக்குரிய பொருளும் ஆயிற்று.

பலன் உடனே தெரிந்தது. 1989இல் 4.8 மில்லியனாக இருந்த வருகை 1990இல் 7.4 மில்லியனாகத் தாவியது. 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு, 1999இல் 'மலேசியா, உண்மையான ஆசியா' என்ற விளம்பரம் புறப்பட்டது. ஆசியாவின் எல்லா முகங்களையும் ஒரே நாட்டில் காணலாம் என்பதே அதன் சாரம். 2007இல் 20.9 மில்லியன், 2014இல் 27.4 மில்லியன், 2019இல் 26.1 மில்லியன். 2020இல் 4.3 மில்லியனாக விழுந்து, 2023இல் 20 மில்லியனைத் தாண்டி, 2024இல் 25 மில்லியனைத் தொட்டது.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019இல் வந்த 26.1 மில்லியனில் 10 மில்லியனுக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். ஜொகூர் பாருவில் மாமியாரைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்புகிறவரும் அதில் ஒருவர்தான். அண்மையில் ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களையும் சேர்த்து 'வருகையாளர்' என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் 2024இன் கணக்கு ஏறக்குறைய 38 மில்லியன். எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லையைக் கடந்தவரை எண்ணுகிற கணக்கு, அவர் எதைப் பார்த்தார், யாருடைய வாசலில் நின்றார் என்பதைச் சொல்லாது. அதை அறிய இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

பத்துமலையை எந்த அமைச்சும் உருவாக்கவில்லை. 1891இல் தம்புசாமிப் பிள்ளை குகையில் முருகனுக்கு வேல் நாட்டினார். 1892 முதல் தைப்பூசம். 1920இல் மரப்படிகள், 1940இல் சிமெண்டுப் படிகள். தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வந்து காவடி எடுத்தவர்கள்தான் அந்த இடத்துக்கு ஊக்கம் கொடுத்தார்கள். 2006 ஜனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த 'பில்லா' படத்தில் அஜித்துக்குப் பின்னால் அந்தச் சிலையைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. 2018 ஆகஸ்டில் 272 படிகளுக்கும் பல வண்ணம் அடித்தார்கள். படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. தன் அனுமதியைப் பெறவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது.

அந்தச் சர்ச்சையில் நம்மவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "நம்ம கோயில், நம்ம காசு, யாரைக் கேக்கணும்?" என்பது ஒரு தரப்பு. "மரபுச் சின்னம்னு பட்டியல்ல பேர் வேணும், விதி மட்டும் வேணாமா?" என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பட்டது வேறு. படிகள் வண்ணமானது சுற்றுலாவுக்காக அல்ல, குடமுழுக்குக்காக. பக்தர்கள் தங்கள் தேவைக்குச் செய்ததைப் பார்க்க உலகம் வந்தது. வந்தவர்களுக்குக் கட்டணமில்லை, கூட்டம் நெரிந்தாலும் பூசை நிற்கவில்லை. நமக்காக நாம் செய்து கொண்டதை அடுத்தவர் பார்க்க வருவதில் ஒரு மிடுக்கு இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் கதை இதற்கு எதிர்த் திசையில் போகிறது. பெயரே செங்கல் சூளையிலிருந்து வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கல்லும் ஓடுமாக நகரைக் கட்ட முடிவானது. அந்தச் செங்கலுக்கு மண் கொடுத்த இடம் இது. சூளைகளை நடத்தியவர்களில் முக்கியமானவர் காப்பித்தான் யாப் குவான் செங். பிறகு ரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. சிங்களவர்கள் 1894இல் ஒரு சங்கம் அமைத்துப் பௌத்த மகா விகாரையைக் கட்டினார்கள். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். விவேகானந்தா ஆசிரமம் 1904இல் தொடங்கியதும் இலங்கைத் தமிழர்களின் முயற்சியில்தான். இங்குள்ள சாலைகளில் ஒன்று ரோசாரியோ, இன்னொன்று சான் ஆ தோங். மலையாளிகள், சீனர்கள், யூரேசியர்கள், பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றிக் குடியேறி உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்த பார்வையற்றவர்கள் எல்லாரும் சேர்ந்ததே பிரிக்பீல்ட்ஸ்.

2001இல் பழைய ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறியது. 2010 அக்டோபர் 27 அன்று பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் இங்கே 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் வளைவுகள், வண்ணக் கம்பங்கள், யானைகள் தாங்கும் நீரூற்று. 2015 நவம்பரில் நரேந்திர மோடியும் நஜிப்பும் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலைத் திறந்தார்கள். அதன் வடிவம் சாஞ்சி ஸ்தூபியின் வாயில்.

அழகாகத்தான் இருக்கிறது. நானும் அதன் முன்னால் விருந்தினர்களை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பகுதியின் மூத்த நிறுவனங்கள் பல இலங்கையிலிருந்து வந்தவர்களுடையவை. அதற்கு வைத்த பெயர் சிறிய இந்தியா. தமிழும் சிங்களமும் மலையாளமும் புழங்கிய தெருவுக்கு அடையாளமாக வந்த வாயில் மத்தியப் பிரதேசத்தின் வடிவம். பௌத்த விகாரை இருக்கிற இடத்தில் பௌத்தத் தோரணம் வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு என்று யாராவது சொல்லலாம். ஆனால் அங்கே நிற்கும் பயணிக்கு அந்த விகாரை நடந்துபோகும் தூரத்தில் இருப்பதே தெரியாது. லிட்டில் இந்தியா என்பது உலகப் பயணச் சந்தையில் எளிதில் விற்கிற பெயர். சிங்கப்பூரில் இருக்கிறது, பினாங்கில் இருக்கிறது, இங்கேயும் வேண்டும். பெயர் வந்ததும் இடத்தின் வரலாறு அந்தப் பெயருக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டப்படுகிறது.

வெட்டப்பட்டது வரலாறு மட்டுமல்ல. ரோசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று நாங்கள் சொல்லும் அரசு ஊழியர் குடியிருப்பு இருந்தது. 1905ஐ ஒட்டித் தொடங்கிய வரிசை வீடுகள். ரயில்வேக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். சிறு வயதில் அங்கே உறவினர் வீட்டுக்குப் போவேன். ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனை நாலு வீட்டுக்கு வரும். "என்ன இன்னைக்கு கருவாடா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும். 2010களின் நடுவில் அதன் பெரும்பகுதி புதிய கட்டுமானத்துக்காக இடிக்கப்பட்டது. ஒரே பத்தாண்டுக்குள், ஒரே வட்டாரத்தில், பார்க்க வருகிறவர்களுக்காக வளைவுகள் எழும்பின. அவர்கள் பார்த்திருக்க வேண்டிய வீடுகள் இறங்கின. இரண்டையும் யாரும் சேர்த்துத் திட்டமிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லாமே தோற்ற கதை அல்ல. 2014இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானபோது எதிர்ப்புக் கிளம்பியது. கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். 2016இல் ஆசிரமக் கட்டடம் மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. குவார்ட்டர்ஸுக்கு அந்த அளவு குரல் எழவில்லை. சுவாமிஜியின் சிலை இருந்தால் கூட்டம் சேரும். ரயில்வே குமாஸ்தாவின் அடுக்களைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? நாம் மரபு என்று எதைக் கருதுகிறோம் என்பதையும் இது காட்டுகிறது. கோயிலும் சிலையும் மரபு. வாழ்ந்த வீடு வெறும் வீடு.

கிள்ளானுக்குப் போனால் காட்சி மாறுகிறது. ஜாலான் தெங்கு கிளானாவையும் லிட்டில் இந்தியா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே கூட்டம் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டம். 1980களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளானையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் நிரப்பின. காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் என்று எங்கே இருந்தாலும் தாலிக்குப் பொன் வாங்க, தீபாவளிக்குத் துணி எடுக்க இந்தத் தெருவுக்கே வருகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் நிற்க இடமிருக்காது. வெளிநாட்டுப் பயணி வந்தால் வரட்டும் என்பதே கடைக்காரரின் மனநிலை. "அவங்க படம் எடுப்பாங்க தம்பி, நம்மாளுங்கதான் சாமான் எடுப்பாங்க" என்று ஒரு பூக்கடை அக்கா என்னிடம் சொன்னார். கோவிட் காலத்தில் எல்லைகள் மூடியபோது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்ததும் உள்ளூர் மக்கள் திரும்பி வந்தார்கள், தெரு மூச்சுவிட்டது. வெளிநாட்டவரை மட்டும் நம்பிய கடைகளுக்கு அப்படித் திரும்பிவர ஆளில்லை.

அதே கிள்ளானில் சீனர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. பா குட் தே துறைமுகக் கூலிகள் பசியாறிய உணவு என்று அவர்கள் சொல்வார்கள். அதைக் குடிக்கவே பலர் கிள்ளானுக்கு வருகிறார்கள். 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டது. கூலியின் உணவு என்பதில் அவர்களுக்கு வெட்கமில்லை, கதையே அதுதான். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டில் நம் ரொட்டி சானாயும் இருக்கிறது. ஆனால் கப்பலேறி வந்த கதையைத் துறைமுகத்திலிருந்து தொடங்கி ரயிலில் கொண்டுபோய்ப் பிரிக்பீல்ட்ஸில் முடிக்கிற ஒரு நடைச் சுற்று நம்மிடம் இல்லை. நாம் காட்டுவது பரதநாட்டியம், பட்டுச் சேலை, தோரணம். எல்லாம் நல்லவைதான். லயத்துப் பாட்டி மட்டும் அதில் இல்லை.

2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை. நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களை நானும் அழைத்துச் சுற்றுகிறேன். கெந்திங் போய்த் திரும்புகிற வழியில் யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். "எங்க தாத்தாவோட அண்ணன் இங்கதான் வந்தாராம். அப்புறம் தகவலே இல்ல." தோட்டத்தின் பெயர் தெரியாது, கப்பலின் பெயர் தெரியாது. இவர்கள் உல்லாசப் பயணிகளா, உறவு தேடி வந்தவர்களா? அவர்களிடம் கேட்கவும் அவர்களுக்குக் காட்டவும் நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

பெரிய செலவு இல்லை. மிச்சமிருக்கும் ரயில்வேக் குடியிருப்புகளை அளந்து படமெடுத்து வைக்கலாம். ரோசாரியோ சாலையில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் ஒரு பலகை நடலாம். மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களில் இன்னும் நினைவோடு இருப்பவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். இதை அமைச்சு செய்தால் நல்லது. செய்யாவிட்டால் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் தொடங்கலாம். ரஜூலாவில் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. அடுத்த வருகை ஆண்டு வரைக்கும் அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.